நடந்து முடிந்ததற்கு ஒரு ஜெபம்

பட்டு நூலைச் சாயத்தில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது ஜீவானந்தத்துக்கு போன் வந்தது. செய்யாறு ரோட்டில் செருப்பு கம்பெனி வேன் கவிழ்ந்துவிட்டதாம். அவருடைய ஒரே மகள் சரண்யா தினமும் வேலைக்குப் போகும் வேன். கையிலிருந்த பச்சைச் சாயத்தைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார்.

ஆரணியில் அவர் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ சபையில் சேர்ந்த குடும்பம் அது. ஆனால் ஜெபமெல்லாம் மனைவி மதிவதனியின் வேலை என்று விட்டுவிட்டவர் ஜீவானந்தம். கோயிலில் கடைசி பெஞ்சு, பண்டிகைக்குப் புதுச்சட்டை, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் வழி நெடுக வாய்விட்டு ஜெபித்தார். "ஆண்டவரே, அவ அந்த வேன்ல ஏறியிருக்கக் கூடாது. வண்டியத் தவற விட்டிருக்கணும். எப்படியாச்சும் தவற விட்டிருக்கணும்."

ஆஸ்பத்திரி வாசலில் அடுத்த தெரு எல்லப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லப்பனின் மகள் பவித்ரா தலையில் கட்டோடு உள்ளே படுத்திருந்தாள். சரண்யா விழுந்த இடத்திலேயே போய்விட்டாள். அவர் ஜெபிக்கத் தொடங்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். ஜீவானந்தம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முடிஞ்சி போனதுக்கு நான் வழியெல்லாம் ஜெபம் பண்ணிகினு போனேனே பாஸ்டர், அது வீண்தானா?"

"வீண் இல்லண்ணா. வானம் பூமிய மட்டுமா அவர் படைச்சாரு, நேரத்தையும் அவர்தான் படைச்சாரு. நமக்குத்தான் முன்ன, பின்ன. அவருக்கு எல்லாமே ஒண்ணா எதிர்ல இருக்குது. நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னயே அந்த ஜெபம் அவருக்குக் கேட்டிருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் ஜீவானந்தம் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பட்டறை முடிந்ததும் கோயிலுக்குப் போய் முட்டி போட்டார். வேன் கவிழக் கூடாது என்று ஜெபித்தார். டயர் வெடிக்கக் கூடாது, டிரைவர் மெதுவாக ஓட்ட வேண்டும், சரண்யாவுக்கு அன்று காலையில் காய்ச்சல் வந்து அவள் வீட்டிலேயே படுத்திருக்க வேண்டும். மாறி மாறி, விதவிதமாகக் கேட்டார். நேரம் ஆண்டவருக்குத் தடையில்லை என்றால் இன்று கேட்டு அன்று நடக்க என்ன தடை? வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் அவள் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு நாளும் பார்ப்பார்.

சபையில் பேச்சுக் கிளம்பியது. பாஸ்டர் பயந்துபோய் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, நடந்தது நடந்ததுதான். அத அவர் இல்லன்னு ஆக்க மாட்டாரு."

"அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, அவருக்கு முன்ன பின்ன இல்லன்னு? அப்போ டயர் வெடிக்கறதையும் முன்னயே பாத்துகினுதான இருந்தாரு? பாத்துகினு சும்மா இருந்தவரு இன்னா சாமி?"

பாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தெரியலண்ணா. நேரத்தப் படைச்சவரே நம்மள மாதிரி நேரத்துக்குள்ள வந்து பொறந்தாரு. அடிபட்டாரு. பெத்த புள்ள சிலுவையில தொங்கன அந்த நாளக்கூட பிதா அழிச்சிப் போடல. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"அவரு புள்ள மூணாம் நாள் எழுந்துடுச்சி," என்றார் ஜீவானந்தம். "எம் பொண்ணு?"

கடைசி நாளில் எழுந்திருப்பாள் என்று சொல்ல பாஸ்டருக்கு அப்போது வாய் வரவில்லை. எழுந்து போய்விட்டார்.

ஒரு நாள் மதிவதனி கோயிலுக்கே வந்து நின்றாள். புருஷன் தரையில் நெற்றியை முட்டிக்கொண்டு, வேன், டயர், காய்ச்சல் என்று முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நிறுத்துய்யா! அவளக் குளிப்பாட்டினவ நானு. என் கையால குளிப்பாட்டினேன். திரும்ப வர மாட்டா."

"அப்புறம் இன்னாதான் கேக்கச் சொல்ற?"

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அவ விழுந்தப்போ நீயும் இல்ல, நானும் இல்ல. அந்த நேரத்துல அவகூட இருன்னு கேளு. அவ பயப்படாம பாத்துக்கன்னு கேளு. பாஸ்டர் சொல்றது நெஜம்னா அதயாச்சும் செய்வாரு இல்ல?"

ஜீவானந்தம் வாயைத் திறந்தார். பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதா, இருந்திருக்க வேண்டும் என்பதா, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறினார். ரெண்டையும் சொல்லிக் கேட்டார்.

மறுநாளே எல்லப்பன் வீட்டுக்குப் போனார். பவித்ராவுக்குக் கட்டு பிரித்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாக நின்றாள்.

"எதுனா சொன்னாளாம்மா? பயந்தாளா?"

"தெரியலப்பா," என்று அழுதாள் பவித்ரா. "டமால்னு சத்தம் கேட்டுச்சி. அதுக்கப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நெனச்சி நெனச்சிப் பாத்துட்டேம்பா, வரவே இல்ல."

அவள் தலையைத் தடவிவிட்டு வந்தார். வீட்டில் மதிவதனியிடம், "அந்தப் பொண்ணுக்கும் தெரியலயாம். யாருக்கும் தெரியாது," என்றார். அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியலன்னா இன்னும் கேக்கலாம்," என்றாள் அவள்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள். அவர் கேட்கத் தொடங்கினார். பாதியில் கோபம் வந்து வெளியே போய்விட்டார். மதிவதனி மீதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது திரும்ப வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.