வட்டத்தை நகர்த்திய சரோஜா

சரோஜா போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், அமெரிக்காவில் இருக்கும் விளம்பரக் கம்பெனி முதலாளிகள் எல்லாம் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பிவிடுவார்கள். அவளைக் கேட்காமல் ஒரு செயற்கைக்கோள்கூட அடி அண்ணாமலைக்கு மேலே பறப்பதில்லை.

இத்தனை அதிகாரம் படைத்த அந்த விரல், டவுன் லாட்ஜ் ஒன்றில் பல வருஷம் தரை துடைத்த விரல். கிரிவலம் முடித்து ரூமுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் கேட்பது சாப்பாடு இல்லை. "யம்மா, காலுக்குக் கொஞ்சம் வெந்நீர்" என்பார்கள். பாதம் அப்படிப் பழுத்திருக்கும். நடந்து முடித்த பிறகு எதற்கு, நடுவழியிலேயே கொடுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. வேலையை விட்டாள். அடி அண்ணாமலையில் பாதையோரம் ஒரு ஷெட் பிடித்தாள். பிளாஸ்டிக் டப்புகள், ஒரு பாய்லர், ஒரு மூட்டை கல்லுப்பு. கால் வெந்நீர்க் கடை தயார்.

ஊர் சிரித்தது. பக்கத்தில் தள்ளுவண்டியில் சார்ஜரும் போன் கவரும் விற்கும் மாறன், அதாவது இதை எழுதுகிறவன், எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தான்.

"சரோஜாக்கா, அப்படியே ஷாம்பூவும் போட்டு விடுவியா?"

"உன் வாய்க்கு வேணா போட்டு விடறேன், வாடா."

கடை போட்ட முதல் பௌர்ணமியில் டப்புகள் காய்ந்து கிடந்தன. கீழ்பென்னாத்தூரில் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணன் காசி வந்து நின்றார். "மூடிட்டு மில்லுக்கு வந்துடும்மா. அரிசி பொடைக்க ஆள் இல்ல."

"அடுத்த பௌர்ணமி பாத்துடலாண்ணா. ஓடலன்னா நானே பூட்டிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியாது. நடக்கிற ஜனம் போர்டைப் பார்ப்பதில்லை, குனிந்து போனைத்தான் பார்க்கிறது என்பதைக் கவனித்தாள். போனில் விளம்பரம் கொடுப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். மேப்பில் ஒரு வட்டம் போட வேண்டும். அந்த வட்டத்துக்குள் வருகிறவர்களின் போனில் விளம்பரம் வந்து நிற்கும். கடையை நடுவில் வைத்து அழகாக வட்டம் போட்டாள். ஆவி பறக்கும் டப்பை வீடியோ எடுத்து, தன் போன் நம்பரோடு போட்டாள்.

பௌர்ணமி வந்தது. மத்தியானத்திலிருந்தே கூட்டம். நூற்றுக்கணக்கானவர்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டதாகப் போன் சொன்னது. ஷெட்டுக்குள் இருந்ததோ காசி மட்டும்.

"பாத்தவங்கல்லாம் எங்கம்மா?" காசி எழுந்து பூட்டைக் கையில் எடுத்தார்.

அப்போது போன் அடித்தது. கரகரத்த குரல். "விழுப்புரத்துலேர்ந்து நாலு பேரு வரோம்மா. சூடா வெச்சிருங்க."

"ஆளுங்க வராங்கண்ணா, உக்காரு" என்று டப்புகளை நிரப்பினாள். காசி உட்கார்ந்தார். விழுப்புரம் வரவில்லை. தண்ணீர் ஆறியது. மறுபடி ஊற்றினாள்.

அடுத்து ஒரு பெண் கூப்பிட்டார். "குபேர லிங்கத்துக்கிட்ட வந்துட்டோம். இப்பதான் உங்க விளம்பரம் வந்துச்சு. எங்க இருக்கீங்க?"

"தாண்டிட்டீங்கம்மா. கொஞ்சம் திரும்பி வந்தா போதும்."

"கிரிவலத்துல திரும்பி நடக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கா?" போனை வைத்துவிட்டார்.

சரோஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மலையைச் சுற்றுகிற கூட்டம் ஒரே திசையில் போகும். கடையைத் தாண்டியவர் ஒருவரும் திரும்பப்போவதில்லை. அவளுடைய வட்டம் பாதிப் பேரை, அவர்கள் கடையைத் தாண்டிய பிறகு கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தாண்டாத மீதிப் பேருக்கோ, கூட்டத்தில் டவர் திணறி, வீடியோ திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

வட்டத்தைத் தூக்கி, கடைக்கு வெகு முன்னால் வருகிற நிருதி லிங்கத்தின் மேல் வைத்தாள். வீடியோவை எடுத்தாள். 'கால் வலிக்குதா? போற வழியிலேயே, இடது பக்கம், வெந்நீர்' என்று ஒரே வரி போட்டாள். 'விளம்பரம் பரிசீலனையில் உள்ளது' என்று போன் அடம்பிடித்தது. காசி பூட்டைப் பார்த்தார். அவள் பாய்லரைப் பார்த்தாள், இன்னும் ரெண்டு கட்டை செருகினாள்.

பொழுது சாயும்போது முதல் ஆள் வந்து, "இங்கதான் வெந்நீரா?" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். அதற்குப் பின்னால் வரிசை. உட்கார இடமில்லாமல், காசி தன் ஸ்டூலையும் கொடுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடினார். மில்லைப் பற்றி அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் கம்மியானதும் மாறன் எட்டிப் பார்த்து, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டான். "ஏங்க்கா, அந்த விழுப்புரம் பார்ட்டி கடைசி வரைக்கும் வரலியா?"

"புது சிம் போட்டு, குரலை மாத்துனா ஆச்சாடா? 'எந்தக் கவர் எடுத்தாலும் அம்பது'னு உன் வண்டி ஸ்பீக்கர் கத்துனது, ஒரு காதுல போன்ல கேட்டுச்சு, இன்னொரு காதுல நேரா கேட்டுச்சு."

மாறனுக்குக் காது சிவந்தது. "அப்பவே தெரிஞ்சுதுன்னா ஏன் திட்டல?"

"அண்ணன் உக்காந்துச்சு இல்ல?"

ஒரு டப்பில் வெந்நீர் ஊற்றி, உப்பு ஒரு பிடி கூடவே அள்ளிப் போட்டு, அவன் முன்னால் தள்ளினாள்.

"காலையிலேர்ந்து நிக்கிற. காலை உள்ள வைடா, விழுப்புரம்."