கொழும்பில் கூடுதலாய் இரண்டு நாள்

என் மாமியார் சாகக் கிடக்கிறார் என்ற செய்தியை, அவர் பெற்ற மகனிடமே சொல்லாமல் மறைத்தவள் நான். மறந்துவிடவில்லை... மறைத்தேன்!

அவர் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு எளிது! இல்லையே. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு அப்படியே கொழும்பையும் பார்த்து வருகிறோம் என்று மகன் கேட்டபோது, "போய்ட்டு வாங்க சாமி, புள்ள ஊட்டுக்குள்ளயே கெடக்குறா" என்று சொல்லித் தம் கையாலேயே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவர்.

நாமக்கல் பக்கம் எங்களுடையது பெரிய பண்ணைவீடு. அங்கே கணவனும் மனைவியும் பகலில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. என் கணவர் உண்டு எழுந்த பிறகு அதே இலையில் நான் உண்பேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம், அவருடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது!

கொழும்பில் தெரிந்துகொண்டேன். ட்ராம் வண்டிக்குப் பயந்து நான் நின்றபோது நடுத்தெருவில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடிவிட்டுச் சிரித்தார். சாப்பாட்டுக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "உனக்கு உப்புச் சரியா இருக்குதா புள்ள?" என்று கேட்டார். அற்பம் என்பீர்கள். கேட்கப்படாமலே இருந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்!

மறுநாள் காலை அவர் முகச்சவரத்துக்குப் போயிருந்தார். அப்போது முத்தண்ணன் விடுதிக்கு ஓடி வந்தார். ராசிபுரத்து நெய்யைக் கொழும்பில் விற்பவர். என் கணவருக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். அவர் கடை விலாசத்தைத்தான் வீட்டில் கொடுத்திருந்தோம்.

"ஆத்தாளுக்கு ரொம்ப முடியலைன்னு தந்தி வந்திருக்குதுங்க அம்மிணி. மவனப் பாக்கோணும்ங்கறாங்களாம். இன்னைக்கு ராத்திரியே ரயிலேறிக் கப்பலப் புடிக்கச் சொல்லுங்க. நான் கண்டிக்குப் போயாகோணும், ரயிலுக்கு நேரமாச்சு."

"சொல்லிக்கறேனுங்க. நீங்க போங்க" என்றேன்.

என் கணவர் திரும்பி வந்தார். சவரம் செய்த முகம், நல்ல குளிர்ச்சி. "சாயங்காலம் கடலுக்குப் போலாமா?" என்றார்.

வாயைத் திறந்தேன்... "போலாமுங்க" என்றேன்.

முன்பும் மாமியார் இப்படித்தானே படுத்தார், எழுந்துவிட்டாரே! நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். மறுநாளும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு மாலையும் மணலில் உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார். "ஊட்டுக்குப் போனா இப்படிப் பேச முடியாது புள்ள" என்றார். அது தெரிந்துதானே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்! நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வந்து வண்டியை விட்டு இறங்கியபோது பங்காளி மகன் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். ஒரே மகன் இருக்க, வேறொருவன் கொள்ளி வைத்திருந்தான். முந்தின நாள் காலைவரை உயிர் இருந்ததாம். "மவன் வந்துட்டானா, மவன் வந்துட்டானான்னு கேட்டுட்டே கெடந்தாங்க" என்று பெண்கள் மாரடித்துக்கொண்டு அழுதார்கள். தந்தி கொடுத்தோமே என்றார்கள். "முத்து ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மற்றப் பெண்களோடு சேர்ந்து அழுதேன்.

காரியத்துக்கு முத்தண்ணன் வந்தார். ஊரே கூடியிருக்க, என் கணவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"நான் அம்மிணிகிட்டச் சொன்னனே..." என்றார் முத்தண்ணன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "என்கிட்ட ஆரும் ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை!

"எம்பொஞ்சாதிக்குப் பொய் பேசத் தெரியாதுடா!" என்றார் என் கணவர்.

முத்தண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "ஆமாங்க... நாந்தேன் சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் வாசல் ஏறவில்லை. எதற்காக என் பாவத்தை அந்த மனிதர் தூக்கிக்கொண்டார்? நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு ஏது முகம்?

இப்போது இந்த வீட்டுக்கு நான்தான் பெரியவள். பகலிலும் பேசலாம், கேட்பாரில்லை. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது! ஆனால் அவர் பேசுவதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

போன அமாவாசைக்கு ஆத்தாளுக்கு இலை போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து எனக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தார். "அந்தப் பாவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்காத்தா வாயில ஒரு சொட்டுப் பாலு ஊத்தியிருப்பனே புள்ள..." என்று அழுதார். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "உப்புச் சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

"சரியா இருக்குதுங்க" என்றேன்.