தொட்டிக்குள் குதிரைவால்

என் நாத்தனார் வளர்த்த குதிரைவால் செடியின் தண்டால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால், நாற்காலிக் கையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். முகம் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். அதற்கே பட்டறைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மரச்சாமான் பட்டறையில் பாலீஷ் போடுவது அவள் வேலை. பலகைக்கு உப்புத்தாள் போதும். வளைந்த கால், செதுக்கிய பூ எல்லாம் உப்புத்தாளுக்கு வசப்படாது. மடித்துத் திணித்தால் ஓரம் மழுங்கிப்போகும். குதிரைவால் தண்டோ இலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் கணுக்கணுவாகப் பச்சைக் குழாய்போல நிற்கும், தொட்டால் அரம். காயவைத்துப் பிளந்து, தண்ணீரில் நனைத்து விரலில் சுற்றிக்கொண்டால் எந்தப் பள்ளத்துக்குள்ளும் போகும். பட்டறையின் வளைவு வேலை முழுவதும் அவள் கைக்கு வந்தது அப்படித்தான். தண்டு இல்லையென்றால் மறுபடியும் பலகைதான்.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள், பின்னால் ஆளுக்கொரு துண்டு தோட்டம். மேட்டில் இருக்கும் தண்ணீர் டாங்க்கின் கசிவெல்லாம் அங்கேதான் இறங்கும். தக்காளி நட்டால் அழுகும், மிளகாய்க்கு ஜலதோஷம் பிடிக்கும். குதிரைவாலுக்கு மட்டும் ராஜயோகம்.

ஆனால் அது அடங்காப்பிடாரி என்று அவளுக்குத் தெரியும். பழைய இரும்புக் குளியல்தொட்டி ஒன்றின் ஓட்டையை அடைத்து, நாலு விரல் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் புதைத்து, அதற்குள் நட்டாள். சனிக்கிழமை தவறாமல் கத்தரிக்கோலோடு சுற்றி வருவாள். தண்டின் நுனியில் தூள் நிறைந்த குமிழ் விடும். அந்தத் தூள் பறந்து விழுந்தாலும் முளைக்கும் என்று, அது வெடிக்குமுன் நறுக்கி அடுப்பில் போடுவாள். "வெளிய கால் வச்சே, ஒடிச்சுடுவேன்" என்று மிரட்டல் வேறு.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். தலையணையைக்கூட அளந்துவிட்டுத்தான் படுப்பார் போலிருக்கிறது. ஒரு நாள் நாடாவோடு வந்து தொட்டியை அளந்தார்.

"ஏழு நாள் டைம் தர்றேன்மா, எடுத்துடுங்க. இது பரவுற செடி."

"பரவினா எடுக்கறேன் சார். பரவிச்சா?"

"பரவும்."

"நீங்ககூடத்தான் நாளைக்கு விழுந்து காலை உடைச்சுக்கலாம். இன்னைக்கே கட்டுப் போட்டுடலாமா?"

எட்டாம் நாள் அவள் பட்டறையில் இருந்த நேரத்தில் சங்கத்துத் தோட்டக்காரர் வந்தார். செயலாளர் பக்கத்தில் நின்று உத்தரவு போட, தொட்டியில் பாதிவரை தோண்டி, வேரும் தண்டுமாகக் கொத்திப் பொது உரக்குழியில் கொட்டினார்.

சாயங்காலம் வந்தவள் வெறும் சேற்றைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அடியில் மிச்சமிருந்த வேரை மண்போட்டு மூடி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

"வளரட்டும். இனிமே யார் கை வைக்கறாங்கன்னு பாக்கறேன்."

காயவைத்திருந்த தண்டுகள் இரண்டு வாரத்தில் தீர்ந்தன. அப்புறம் மாதக்கணக்கில் பலகைதான் தேய்த்தாள். மழைக்கு முன்னால் சங்கம் வீட்டுக்கு வீடு உரம் கொடுத்தபோது, "உங்க உரமும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று கதவைச் சாத்தினாள்.

மழை விட்டதும் பதினொரு தோட்டத்திலும் பச்சைக் குழாய்கள் எழுந்தன. செயலாளரின் ரோஜாப் பாத்தியில் ஒரு படையே நின்றது. அவர் ஊரைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

"பாத்தீங்களா! தொட்டியைத் தாண்டிடுச்சு! இன்னைக்கே தொட்டி வெளிய போகணும்."

நாத்தனார் கடப்பாரையை அவர் கையில் கொடுத்தாள். "சுத்தித் தோண்டுங்க சார். ஆழத்தையும் நீங்களே அளந்துக்குங்க. ஒரு நூல் வேர் கெடச்சா, தொட்டியை நானே தலையில தூக்கிட்டுப் போறேன்."

மூன்றடி தோண்டினார்கள். மண்புழு வந்தது, துருப்பிடித்த ஸ்பூன் ஒன்று வந்தது. வேர் வரவில்லை.

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், நீங்கதானே கொத்தி உரக்குழியில போடச் சொன்னீங்க? அதைத்தானே எல்லார் வீட்டுக்கும் கூடை கூடையா கொடுத்தோம்? இந்தம்மா மட்டும்தான் வாங்கல."

"ஒரு துண்டு வேர் போதும் சார், அது ஒரு செடியாயிடும்," என்றாள் நாத்தனார். "நான் ஒண்ணை அடைச்சு வச்சிருந்தேன். நீங்க ஆயிரமாக்கி வீடு தேடிப் போய்க் கொடுத்தீங்க. தொட்டி இங்கயேதான் இருக்கும். வேணும்னா இன்னும் தோண்டுங்க."

யாரும் தோண்டவில்லை. மறுபடி தண்டு முற்றியதும் வளைவு வேலையும் அவள் கைக்கே திரும்பி வந்தது. செயலாளர் ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று, கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டார்.

இந்த வரியை எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தவள் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிப்பா? அவரா? செடி காத்துல பறந்து வந்துச்சுன்னுதான் இன்னி வரைக்கும் சொல்லிட்டுத் திரியறார். அவரை எதுக்கு அண்ணி நல்லவராக்கறீங்க?"