வலது கையில் பழசு, இடது கையில் புதுசு

புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் கமறியாவிடம் இடது கையால் ஒரு சாமானை நீட்டிப் பாருங்கள். வாங்கமாட்டாள். மீன்காரரானாலும் சரி, கரண்ட் பில் கொண்டுவருகிறவரானாலும் சரி, "மற்றக் கையால தாங்க" என்று சொல்லிவிட்டு, அது வலது கைக்கு மாறும்வரை அசையாமல் நிற்பாள். தானும் அப்படித்தான். ஊசி கொடுத்தாலும் உப்புக் கொடுத்தாலும் வலது கையால், அல்லாஹ்வின் பெயரால் என்று வாய்க்குள் ஒரு பிஸ்மியோடு கொடுப்பாள். அந்த நல்ல பழக்கம் அவளை என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பதின்மூன்று வயதில் மன்னார்ப் பக்கத்தில் இருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து இறங்கிய பிள்ளை அவள். ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தபடியே அயலட்டைக்குச் சட்டை தைத்தாள். உப்பளத்தில் வேலை செய்த சுஹைரைக் கட்டினாள். கொட்டில் கல்வீடானது பாதி அவர் உப்பிலும் பாதி இவள் நூலிலும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கோ ஒரு தையல் தொழிற்சாலையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே தூசி பிடித்துக் கிடந்த ஜப்பான் எம்பிரோய்டரி மெசின் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். ஊர் சிரித்தது. ஒரு மாட்டின் அளவு மெசின், அதற்கென்று ஒரு தனி அறை. ஆனால் அது ஓடத் தொடங்கிய நாளில் இருந்து, கமறியாவின் பூவேலை இல்லாத முக்காட்டோடு கரைத்தீவில் எந்த மணப்பெண்ணும் மணவறையில் இருந்ததில்லை. சிரித்தவர்களின் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

அந்த மெசினுக்கு ஒரு குணம். அதற்கு பிளொப்பி மட்டும்தான் தெரியும். உள்ளங்கை அளவில் சதுரமாய், கறுப்பாய், இப்போதுள்ள பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்த்திருக்கிற அந்தத் தட்டுத்தான். கமறியா கட்டத்தாளில் கீறிக் கொடுத்த டிசைன்களை அதில் ஏற்றித் தந்த கொழும்புக்காரர் கணினியை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். ஆக, அவளுடைய முப்பத்தாறு டிசைன்களும் ஒரேயொரு பிளொப்பியில் இருந்தன. பக்கத்து உப்பேரியான களப்பின் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகிற ஊர். அதனால் பிளொப்பியில் எங்கெங்கே ஓட்டை தெரிந்ததோ அங்கெல்லாம் கறுப்பு வயர் டேப்பை ஒட்டி அடைத்து வைத்திருந்தாள்.

ஒன்றே ஒன்றுதானா, ஒரு கொப்பிகூட இல்லையா என்று கேட்பீர்கள். அங்கேதான் நிஸ்ரின் வருகிறாள்.

நிஸ்ரின் சுஹைரின் தங்கை. வருஷக்கணக்காக மைனி கமறியாவோடு அந்த மெசின் அறையில் ஒன்றாக வேலை செய்தவள். கற்பிட்டியில் கலியாணம் முடித்துப் போகும்போது, தானும் ஒரு சின்ன மெசின் போடப்போவதாகச் சொன்னாள். கமறியா சந்தோசப்பட்டு, கொழும்புக்காரர் கட்டாருக்குப் போகுமுன் அவரைக் கொண்டு இரண்டு கொப்பி எடுப்பித்தாள். ஒன்றில் பள்ளிக்கூடச் சின்னங்களும் சாதாரணப் பூக்களும் இருந்தன. அது நிஸ்ரினுக்குப் பரிசு. மற்றதில் மணப்பெண் டிசைன்கள். அது தனக்கே, ஒரு காவலுக்கு. வான் வாசலில் வந்து நின்றதும் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நிஸ்ரினைக் கட்டிப்பிடித்து அழுதாள், பரிசைக் கையில் கொடுத்தாள், அனுப்பிவைத்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கற்பிட்டியில் ஒரு கலியாண வீடு. மணப்பெண்ணின் முக்காட்டில் கமறியாவின் கண்டல் கொடி ஓடியது. கண்டல் மரத்தின் இலையும் மொட்டுமாய் அவளே களப்போரம் போய் இருந்து கீறிய கொடி அது. வீட்டுக்கு வந்து காவல் பிளொப்பியை மெசினில் போட்டால், உள்ளே பள்ளிக்கூடச் சின்னங்கள். நிஸ்ரின் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கமறியா தீர்மானித்தாள். நீங்கள் தந்ததைத்தான் வைத்திருக்கிறேன், மனசாரத் தந்ததென்றுதான் நினைத்தேன் என்று நிஸ்ரின் போனில் அழுதாள். கமறியா கள்ளி என்று ஒரு சொல் சொல்லிப் போனை வைத்தாள். அதோடு விட்டாளா? ஊருக்கெல்லாம் சொன்னாள். கொப்பி என்ற சொல்லே பிறகு அவளுக்கு ஆகாமல் போயிற்று. ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை.

இப்போது கமறியாவின் ஒரே மகள் ஸம்ஹாவுக்குக் கலியாணம். இன்னும் ஒன்பது நாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்த கை தன் பிள்ளைக்குத் தைக்கும்போது சும்மா இருக்குமா? நாலு பக்கமும் கண்டல் கொடி, வெள்ளியும் பச்சையுமாய். இரண்டு பக்கம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண்ணுக்கு முக்காட்டைப் போட்டுவிடுகிறவள் வாப்பாவின் கூடப்பிறந்தவள், அதாவது மாமி. மாமிக்குக் கலியாணம் சொல்லவில்லையா என்று ஸம்ஹா கேட்டாள். கள்ளிக்கெல்லாம் சொல்ல ஏலாது என்றாள் கமறியா. அப்படியென்றால் முக்காட்டை அலுமாரியிலேயே வையுங்கள், நான் வெறும் தலையோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மகள் எழுந்து போனாள். சுஹைர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அந்தக் கிழமையில்தான் பிளொப்பியும் நோய்ப்பட்டது. மெசினுக்குள் போட்டால் கறகறவென்று அரைத்தது. மூன்று தரம் மறுத்து நாலாம் தரம்தான் வாசித்தது. பாதிக் கொடியோடு முக்காடு நின்றுவிட்டால் என்ன செய்வது? கொப்பியே வேண்டாம் என்ற ஆறு வருஷத்து வைராக்கியத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கமறியா றொபிக்குப் போன் எடுத்தாள்.

றொபி கற்பிட்டிப் பக்கத்து எத்தாளையில் கணினி திருத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடுவார், மற்ற நாட்களில் வேலை செய்துகொண்டே பாடுவார். பிளொப்பி போடுகிற கணினி அந்தக் கரையில் அவரிடம்தான் ஒன்று இருந்தது. அதைத் துவாயில் சுற்றித் தன் திரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தார். இந்தத் தட்டைச் சும்மா கொப்பி பண்ணினால் மெசின் ஏற்காது, முதல் வளையத்தில் இருந்து கடைசி வளையம்வரை அப்படியே படியெடுக்கிற டிஸ்க்கொப்பி என்ற பழைய புரோகிராம் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். கணினிக்குப் பிளொப்பி போடுகிற வாய் ஒன்றுதான், மூளையும் சின்னது. அதனால் பழசில் பாதியை வாசித்து வைத்துக்கொண்டு புதுசைக் கேட்கும், அதில் எழுதிவிட்டு மறுபடி பழசைக் கேட்கும். இரண்டும் ஒரே கறுப்பு, லேபல் கிடையாது. ஒருதரம் லேபல் கழன்று மெசினுக்குள் சிக்கிய பிறகு கமறியா லேபல் ஒட்டுவதே இல்லை. ஆகவே, வலது கையில் பழசு, இடது கையில் புதுசு, நான் கேட்கிறதைத் தாருங்கள் என்றார் றொபி. பழசு எழுதப்படாமல் பூட்டியிருக்கிறதா என்றும் கேட்டார். எல்லா ஓட்டையையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்றாள் கமறியா. பாவி மனிசன் அதைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பிளொப்பியில் மூலை ஓட்டை திறந்திருந்தால்தான் பூட்டு, அடைத்தால் யாரும் எழுதலாம். அவர் அப்போது பாட்டின் இரண்டாம் சரணத்தில் இருந்தார்.

திரையைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, வலது என்றார். கமறியா பிஸ்மி சொல்லிப் பழசைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. இடது என்றார். இடது கையால் ஒரு மனிசருக்கு எப்படிக் கொடுக்கிறது? கமறியா பழசை இடது கைக்கு மாற்றி, புதுசை வலது கைக்கு எடுத்து, பிஸ்மி சொல்லிக் கொடுத்தாள். அது எழுதப்பட்டு வலது கைக்கே திரும்பி வந்தது. மறுபடியும் வலது என்றார் றொபி. வலது கையில் இருந்ததைக் கொடுத்தாள். பிறகு இடது என்றார். இடது கையில் இருந்ததை மரியாதையாக வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். சரி, முடிந்தது என்று றொபி கையைத் தட்டினார்.

ஒன்றை மெசினில் போட்டுப் பார்த்தார்கள். முப்பத்தாறு பெயரும் வரிசையாக வந்தன. முதல் பதினெட்டும் திறந்தன. பின்பாதியில் பெயர் மட்டும்தான், உள்ளே ஒன்றும் இல்லை. மற்றதைப் போட்டார்கள். அதுவும் அச்சொட்டாக அப்படியே. கண்டல் கொடி இருபத்தேழாவது.

றொபி பாட்டை நிறுத்தினார். பழசின் டேப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். இரண்டாம் தரம் புதுசுதான் பழசின் இடத்துக்குப் போயிருக்கிறது, அதன் வெறும் பாதியைப் பழசின் மேல் எழுதிவிட்டோம் என்றார். எப்படி மாறியது, நான் வலது இடது என்று சரியாகத்தானே சொன்னேன் என்று கேட்டார். செய்ததை அப்படியே செய்து காட்டும்படி சொன்னார்.

கமறியா இரண்டு தட்டையும் கையில் எடுத்தாள். இடது என்று றொபி சொன்னதும் கை தன்பாட்டில் மாறியது. அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பொத்தென்று கதிரையில் இருந்தாள்.

"றொபி, இத நான் முந்தியும் ஒருக்காச் செஞ்சிருக்கன்" என்றாள்.

வாசலில் வான். வலது கையில் தன்னுடையது, இடது கையில் நிஸ்ரினுக்குரியது. புது வாழ்க்கைக்குப் போகிற பிள்ளைக்கு இடது கையால் கொடுக்கலாமா என்று அன்றைக்கும் கை மாறியது. கொடுப்பதற்குமுன் நிஸ்ரின் கட்டிப்பிடிக்க வந்தாள், அதில் இன்னொருதரம் மாறியது. கொடுத்தது வலது கை, அது மட்டும்தான் நினைவில் நின்றது. மாற்றியவள் நிஸ்ரின் இல்லை. அந்தப் பிள்ளையைத்தான் ஆறு வருஷமாகக் கள்ளி கள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித்திரிந்தாள். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

கண்டல் கொடி இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கற்பிட்டியில், நிஸ்ரினிடம். கமறியா எழுந்து அபாயாவைப் போட்டாள். றொபி எப்படியும் எத்தாளைக்குத் திரும்பவேண்டியவர், வாருங்கள் அக்கா, கற்பிட்டிவரை கொண்டுபோய் விடுகிறேன் என்றார். சுஹைரும் ஏறிக்கொண்டார். வாசலுக்கு வந்த ஸம்ஹா தாயின் முகத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உம்மா, பிளொப்பியக் கேக்க முந்தி மாமியக் கேளுங்க."

கற்பிட்டி, கரைத்தீவில் நின்று பார்த்தால் களப்புக்கு அந்தப் பக்கம் தெரிகிற கரைதான். றோட்டால் போனால் புத்தளம், பாலாவி என்று ஊரைச் சுற்றவேண்டும். வழியெல்லாம் கமறியா என்ன சொல்லுவது என்று யோசித்தாள். கற்பிட்டிக்குள் நுழைந்ததும் சுஹைர் இந்த ஒழுங்கை, அந்த மதில், பிறகு இடப்பக்கம் என்று றொபிக்கு வழி சொல்லத் தொடங்கினார். நிஸ்ரின் கலியாணத்தோடு இருந்த வீட்டைவிட்டு மாறி நாலு வருஷமாம், இவருக்கு எப்படித் தெரியும்? கமறியா திரும்பிப் பார்த்தாள். மாசம் ஒருக்கா வருவன் என்று அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். வேறொரு நாளென்றால் திரீவீல் கவிழ்ந்திருக்கும். இன்றைக்கு அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது, அந்தப் பிள்ளையை ஒருவராவது எட்டிப் பார்த்திருக்கிறார்களே என்று.

நிஸ்ரின் குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். மைனியைக் கண்டதும் மா ஒட்டிய கையோடு எழுந்தாள். யோசித்து வந்தது எல்லாம் கமறியாவுக்கு மறந்துபோயிற்று. மேசையில் கிடந்த இரண்டு சாசரை எடுத்தாள், வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. வான் வாசலில் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினாள். இது என்னுடையது, இது உன்னுடையது, இப்படி மாறியது, இப்படிக் கொடுத்தேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

"நீ எடுக்கல்ல புள்ள. நான்தான் தந்தன். தந்திட்டுக் கள்ளியெண்டும் சொன்னன். ஸம்ஹாட தலைக்கு நீ முக்காடு போட வரோணும். வராட்டி அவ முக்காடே போடமாட்டா. நானும் போடச் சொல்லமாட்டன்."

நிஸ்ரின் சாசர்களைப் பார்த்தாள், மைனியைப் பார்த்தாள். கண் நிறைந்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. ஆறு வருஷமாக நான் என்ன பிழை செய்தேன் என்று யோசித்து யோசித்துத் தேய்ந்தேன், கடைசியில் உங்கட மரியாதையா என்று கேட்டுச் சிரித்தாள். வாசலில் நின்ற சுஹைரும் சிரித்தார், ஆனால் கமறியா பார்க்காத பக்கமாக நின்று.

பிளொப்பி தேடி வந்த கதையைக் கமறியா சொல்லவில்லை. அண்ணன்தான் மெல்லச் சொன்னார், பிளொப்பி அழிந்துவிட்டது, முக்காட்டில் இரண்டு பக்கம் முடிந்து இரண்டு பக்கம் கிடக்கிறது என்று. நிஸ்ரின் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். அதற்குள் பிளாஸ்டிக் பையில் அந்தக் கறுப்புத் தட்டு, டேப் ஒட்டாமல், மூலை ஓட்டை திறந்தபடி. பையின் மேல் மைனி தந்தது என்று எழுதியிருந்தது. மா ஒட்டிய வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் அதை நீட்டினாள்.

மற்றக் கையால தாங்க என்று சொல்ல கமறியாவின் வாய் திறந்தது. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள்.

"கோவிக்காதீங்க மைனி, இடது கையால தந்தாத்தான் மாறாது" என்றாள் நிஸ்ரின். "வலது கைய ஸம்ஹாட முக்காட்டுக்கு வச்சிருக்கன்."