இன்ஜினுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

என் வீட்டுக்காரர் சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. நான் வந்த பிறகு எனக்காக அதில் ஒரு சைடுகார் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அதில் போய் இறங்கும்போது எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. தினமும் காலையில் அவர் குளிக்கும் நேரத்தில் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றி வைப்பது என் வேலை.

ஒரு நாள் எண்ணெய் டின் காலி. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொள்வாரே என்று பயந்து, அடுக்களையில் இருந்த விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டேன். கதவுக் கீல் கிறீச்சிட்டாலும் அதுதான், குழந்தைக்கு வயிறு கட்டினாலும் அதுதான்; இன்ஜின் மட்டும் பெரிய துரையா? வண்டியும் நன்றாகவே ஓடியது. பிறகு டின் குறையும்போதெல்லாம் அதையே ஊற்றினேன்.

சில மாதங்களில் வண்டி நீலப் புகை கக்கியது. அடையாறு பாலத்து ஏற்றத்தில் என்னை இறக்கிவிட்டுத் தள்ளினார். ஸ்டார்ட் செய்ய உதைத்தால் கால் வெறுமனே இறங்கியது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைவழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி உதைத்தார். இப்போது கால் தடுத்தது. சிலிண்டருக்குள் காற்றை அடைத்துப் பிடிக்கிற பிஸ்டன் ரிங் போய்விட்டது என்றார்.

கொல்லையில் கோணியை விரித்து இன்ஜினைப் பிரித்தார். சிலிண்டர் முழுக்கக் கீறல். ரிங்கெல்லாம் கறுப்புப் பிசினில் ஒட்டிக் கிடந்தன. துடைத்த துணியை மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்தான்.

“முடுக்கி முடுக்கி ஓட்டி நானே கொன்னுட்டேன்” என்றார் அவர். நான் அந்தத் துணியைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

உடைந்துபோன ஒரு வண்டியிலிருந்து அதே மாதிரி இன்ஜினைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். நொச்சிக்குப்பத்து மீன்காரர்கள் இரண்டு பேர் கயிறும் கழியுமாக வந்து அதைத் தூக்கி வைத்தார்கள். “இன்னா வாத்யாரே, கட்டுமரத்த விட கனமா கீதே” என்றார் ஒருவர். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கே விழுந்து விழுந்து சிரிக்கிற என் வீட்டுக்காரர், அன்று சிரிக்கவில்லை. மிஷின் வைத்துக்கொள்ள நான் லாயக்கில்லை, அபிராமபுரத்து சிநேகிதருக்கு விற்றுவிடப் போகிறேன் என்றார். ஞாயிறன்று அந்த சிநேகிதர் வருவதாகப் பேச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், எல்லாவற்றையும் கொட்டினேன். கடவுள் மன்னிப்பார், ஆனால் வண்டி கடவுளுடையது அல்லவே என்றார் சாமியார். புருஷனிடம் போய்ச் சொல்வதுதான் எனக்கு அபராதம்.

வீட்டுக்கு வந்து, போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நின்றபடியே சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“அப்போ நான் ஓட்டினதுல தப்பு இல்லையா?”

“இல்லீங்க.”

“நெஜமாவா?”

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு திட்டுக்குப் பயந்து இந்த மனுஷனை இத்தனை நாள் வாட்டியிருக்கிறேன்.

மறுநாள் சிநேகிதர் வந்தார். இவர் காப்பி கொடுத்து உட்காரவைத்து, வண்டி சம்சாரத்துடையது, அவளைக் கேட்காமல் விலை பேசிவிட்டேன் என்றார்.