நான் படிக்காத தாளை என் மகள் படித்தாள்

என் மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு முடித்தபோது நடந்தது இது. அவளுக்கு எழுத்துகள் குழம்பும். ஒரு வரியைப் படிக்கவே வெகுநேரம் ஆகும். பத்தாம் வகுப்புத் தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்கலாம் என்று மருத்துவர் சான்றிதழ் தந்திருந்தார். தறியை நிறுத்திவிட்டு, அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணியில் அவள் படிக்கும் பள்ளிக்கு இருவரும் போனோம்.

தலைமை ஆசிரியை சான்றிதழைப் பிரிக்கவே இல்லை. ஒரு தாளை நீட்டினார்.

"இதுல கையெழுத்து போடுங்கம்மா. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

பள்ளியில் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவேன். டீச்சர் எதிரில் உட்கார்ந்து படித்தால் அவரை நம்பாதது போல ஆகிவிடுமே என்ற கூச்சம். பேனாவைத் திறந்துவிட்டேன். யாழினி தாளின் மேல் கையை வைத்தாள்.

"இரும்மா, படிச்சிகினு இருக்கேன்."

அவள் விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்தது.

"சீக்கிரம், வெளிய ஆளுங்க நிக்கறாங்க" என்றார் ஆசிரியை. விரல் நிற்கவில்லை.

"சொந்த... விருப்பத்தின்... பேரில்... மாற்றுச் சான்றிதழ்..."

பேனாவை மூடினேன்.

"இவ ஃபெயிலானா ஸ்கூல் ரிசல்ட்டு கெட்டுடும்மா, புரிஞ்சிக்கங்க" என்றார் ஆசிரியை.

"டி.சி. நாங்க கேக்கலீங்க. இவ இங்கதான் பரீட்சை எழுதுவா. கூடுதல் நேரத்துக்கும் எழுதற ஆளுக்கும் மனு தரேன், வாங்கினதுக்கு சீல் போட்டுக் குடுங்க."

சீல் விழும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

இப்போது பள்ளியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும், யாழினியின் விரல் கடைசி வரியைத் தொட்ட பிறகுதான் என் பேனா திறக்கும்.