மெயிலுக்கு அடிக்குறிப்பு கிடையாதாம்

தேனாம்பேட்டைத் தையல்கடைகளில் புழங்கும் உருதுச் சொற்களை விளக்கச் சொல்லி, எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் எனக்கு மெயில் அனுப்பினார். நான் தையல்காரரின் மகள், விரிவாகவே எழுதினேன். அவருடைய கட்டுரை ஆய்விதழில் வந்தபோது என் வாக்கியங்கள் அப்படியே இருந்தன. ‘என் அத்தா’ என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் ‘ஒரு தையல்காரர்’ என்றிருந்தது. என் பெயர் எங்குமே இல்லை. தட்டச்சு செய்த மருமகனுக்கு நன்றி சொல்லியிருந்தார்.

போய்க் கேட்டேன். "என்னம்மா நீ, மெயிலுக்கெல்லாம் யாராவது அடிக்குறிப்பு போடுவாங்களா? நமக்குள்ள பேசிக்கிறதுதானே அது" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரமே வெட்கமில்லாமல் அடுத்த சந்தேகத்தை அனுப்பினார். பழைய மெயில்களெல்லாம் கீழே தொங்க, பதில் போட்டேன். நமக்குள் பேசிக்கொள்வதுதானே என்று, ஆய்விதழின் ஆசிரியரையும் சிசியில் சேர்த்துக்கொண்டேன்.